பூசணிக்காய்க்கு நிற்காத வண்டி

சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகாத முதல் ஆண்டு என்று கோயமுத்தூரே கேக் வெட்டிக் கொண்டாடிய அன்றுதான் மைதிலியால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. பாதி வழியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுக்காக ஒரு துண்டு கேக்கை டப்பாவில் எடுத்து வந்திருந்த கணவன் கிருபாகரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி நின்றான்.

"கேக்கு எதுக்குங்க?"

"வருசம் முழுக்க ரோட்டுல ஒருத்தர்கூடச் சாகலையாமா. ஆபீஸ்ல ஒரே அமர்க்களம்."

"என்னைய அந்தக் கணக்குல சேக்கலைல்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததற்கும் சேர்த்து மூச்சு வாங்கியது.

கிருபாகரன் 'வழித்துணை' நிறுவனத்தின் கோவைப் பிரிவுத் தலைவன். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகள். நகர எல்லைக்குள் இப்போது சைக்கிளைத் தவிர மற்றதெல்லாம் தானே ஓடுபவைதான். ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள் ஊருக்கு வெளியே போய் மைதானத்தில் காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு அவன் வந்தது சம்பளத்துக்காக மட்டுமில்லை. அவன் அண்ணன் பல்லடம் சாலையில் ஒரு லாரிக்கு அடியில் போனான். லாரிக்காரர் மூன்று ராத்திரி தூங்காமல் ஓட்டியவர். தூங்காத, குடிக்காத, கோபப்படாத ஓட்டுநர் ஒருவன் வேண்டுமென்று அன்று நினைத்ததைத்தான் கிருபாகரன் பிற்பாடு செய்து காட்டினான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. இருக்க வேண்டியதுதான்.

மைதிலியின் இதயம் நைந்துபோயிருந்தது. இதயத்துக்குத் துணையாக ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். ரத்தம் கட்டிக்கொண்டு ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. அதைக் கழற்றிவிட்டு, இனி மனித இதயம்தான் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் உறுப்புதானப் பிரிவைக் கவனித்துவந்த ஸ்டெல்லாவிடம் அவன் மாதாமாதம் போய் நின்றான். நல்ல மனுஷி, பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாதவள்.

"வரிசையில நாங்கதானே மொதல்ல இருக்கோம்? அப்புறம் ஏன் வரல?" என்று ஒருநாள் பொறுமையிழந்து கேட்டான்.

"வரிசை இருக்கு சார், வர்றதுக்கு ஆள் வேணுமே. முன்னாடியெல்லாம் வாராவாரம் பைக் கேஸ் வரும். வயசுப் பசங்க. தலையில மட்டும் அடி, உடம்பு பூரா அப்படியே இருக்கும். மூளைச்சாவுன்னு டாக்டர் சொன்னதும் நான்தான் போய் அவங்க வீட்டாளுங்ககிட்டப் பேசுவேன். அழுதுட்டே சம்மதிப்பாங்க. ஒரு பையன் போனா ஏழெட்டுப் பேர் பொழைப்பாங்க." கதவுக்கு வெளியே கைகாட்டினாள். "இப்ப அந்த வார்டையே மூடிட்டாங்க. முதுகுவலிக்கு எண்ணெய் தேச்சு விடறாங்க அங்க. உங்க வண்டி வந்தப்புறம் அப்படி யாரும் சாகறதில்ல சார். நல்ல விஷயந்தான். நான் குறையாச் சொல்லல."

குறையாகச் சொல்லவில்லை என்று அவள் சொன்னதுதான் அவனுக்குக் குத்தியது.

அலுவலகத்தில் காலையில் வந்ததும் சுவரில் இருக்கும் பெரிய திரையைப் பார்ப்பது அவன் வழக்கம். நேற்றைய சாவு: பூஜ்யம். ஒரு காலத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பான். ஸ்டெல்லாவிடம் பேசிய மறுநாள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவனுக்கு எரிச்சல் வந்தது. அண்ணனின் முகம் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

இனி பூசணிக்காய் விஷயத்துக்கு வர வேண்டும்.

ஆயுத பூஜை அன்று கோயமுத்தூரில் பட்டறை, மில், கடை, வண்டி என்று ஒன்று விடாமல் பூஜை நடக்கும். வழித்துணை வண்டிக்கும் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, 'கேமராக் கண்ணில் சந்தனம் அப்ப வேண்டாம்' என்று நிறுவனம் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் மேலேயே சந்தனத்தை அப்புவார்கள். பூஜை முடிந்ததும் திருஷ்டிப் பூசணிக்காய். ஓட்டை போட்டுக் குங்குமத்தையும் சில்லறையையும் உள்ளே அடைத்து, சூடம் ஏற்றிச் சுற்றி, நடுச்சாலையில் போட்டு உடைப்பார்கள். உருண்டையாக, ரத்தச் சிவப்பாக, சதையும் கூழுமாக அது சாலையில் கிடக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வண்டிகள் அதைப் பார்த்து மிரண்டு போயின. மனிதத் தலை உடைந்து கிடக்கிறது என்று ஒவ்வொரு பூசணிக்கும் நின்று, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டன. கூப்பிட்ட ஆம்புலன்ஸ்களும் வழியில் பூசணியைக் கண்டு நின்றன. ஊர் மொத்தமும் விடியும்வரை ஸ்தம்பித்தது. ஒரு பிரசவம் வண்டிக்குள்ளேயே நடந்தது. நிறுவனத்தை நாறடித்துவிட்டார்கள். அதன்பின் கிருபாகரனின் குழு பூசணி விதியை எழுதியது. பண்டிகை நாளில், பூசணிச் சிதறலுக்கு நடுவே தாழ்வாகவும் சிவப்பாகவும் எது கிடந்தாலும் அது பூசணிக் குவியல். காக்கை கொத்தி அசைந்தாலும் குவியல்தான். நிற்காமல் ஏறிப் போகலாம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு விதி தோன்றும் என்று பெங்களூர்த் தலைமையகத்தில் தட்டிக்கொடுத்தார்கள்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் நஸ்ரின் அவன் அறைக்கு வந்தாள். குழுவில் இளையவள், சோதனைகள் அவள் பொறுப்பு.

"சார், பூசணிக்கு நடுவுல ஆள் பொம்மைய வெச்சுப் பாத்தேன். நிக்க வெச்சா வண்டி கரெக்டா நின்னுருது. உக்கார வெச்சா, படுக்க வெச்சா, பாதி தடவதான் நிக்குது. மீதித் தடவ குவியல்னு நெனச்சு மேல ஏறுது."

"நடுரோட்டுல பூசணிக்குள்ள போயி யாரும்மா உக்காரப் போறா?"

"வழுக்கி விழலாம்ல சார்?"

"விழுந்தவன் எந்திரிச்சு ஓடிருவான்."

"ஓட முடியலைன்னா?" அவள் விடுவதாக இல்லை. "விதிய எடுக்க வேணாம் சார். அன்னிக்கு சாயங்காலம் மட்டும் எல்லா வண்டியும் நடக்குற வேகத்துல போகட்டும். உங்க கைரேகை இருந்தாப் போதும், நானே போட்டு விட்டுர்றேன்."

ஊர் முழுக்க வண்டிகள் ஊர்ந்தால் மறுபடி வசவு விழும். அதை அவன் சமாளித்திருப்பான். விரலை நீட்டினால் முடிகிற வேலை. மேஜைமேல் கைபேசியில் மைதிலியின் செய்தி இருந்தது. குளிக்க முடியவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று.

"பண்டிகை முடியட்டும், பாத்துக்கலாம்," என்றான்.

நஸ்ரின் போன பிறகு ஒரு நினைப்பு வந்தது. யாராவது விழுந்தால்? வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டான். ஆனால் வந்தது வந்ததுதான். விரலை நீட்டாததற்குக் காரணம் அந்த நினைப்பா, வேலை அலுப்பா என்று அவனால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

ஆயுத பூஜை மாலை ஆவாரம்பாளையத்தில் மோகன்ராஜ் என்ற பையன், பம்பு கம்பெனியில் பூஜை முடித்துவிட்டு, கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு சைக்கிளில் வீட்டுக்குப் போனான். பூசணியில் சக்கரம் வழுக்கியது.

வண்டியின் கேமரா பதிவை கிருபாகரனும் நஸ்ரினும் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பையன் விழுந்தான், எழுந்து உட்கார்ந்தான். சட்டையெல்லாம் குங்குமம். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பொட்டலம் பிரிந்து பொரி சாலையில் கொட்டியிருந்தது. அதை இரண்டு கையாலும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். வண்டியைத் திரும்பிப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. வண்டி என்றால் நிற்கும், இந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவன் தலையில் மோதிய பிறகுதான் நின்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது.

நஸ்ரின் எழுந்து வெளியே போனாள்.

ஏதாவது விபத்து என்றால் பிரிவுத் தலைவன் நேரில் போய் வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்பது நிறுவனத்தின் ஏற்பாடு. மறுநாள் அவன் போய்க்கொண்டிருந்தபோது சட்டப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். வருத்தம் தெரிவியுங்கள், வாயைத் திறந்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றார்கள். அதை வைத்ததும் ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"சார், மைதிலிக்குத் தண்ணிகூடக் குடுக்காதீங்க. ரெடியா வெச்சிருங்க. இன்னொரு ஆஸ்பத்திரியில ஒரு பையனுக்கு மூளைச்சாவு. ரத்தம், அளவு எல்லாம் பொருந்துது. அம்மா இன்னும் கையெழுத்துப் போடல. வேண்டிக்கோங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று அவன் கேட்கவில்லை. நகரத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்த ஒரே விபத்து அது. வண்டி அவனை ஆஸ்பத்திரி வாசலில் பதமாக இறக்கிவிட்டு, கதவைத் திறந்து, இனிய நாள் என்று வாழ்த்தியது.

தாயின் பெயர் கலாமணி. ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆலோசகப் பெண் கையெழுத்து வாங்க வேண்டிய தாளோடு காத்திருந்தாள். அழுது முடித்து, இனி அழக் கண்ணீர் இல்லாத முகம் கலாமணிக்கு.

"நீங்கதான் வண்டிக் கம்பெனிக்காரருங்ளா?"

"ஆமாங்கம்மா."

"உக்காருங் சாமி." நாற்காலியைக் காட்டினார். "இந்தப் பொண்ணு சொல்லுது, மோகனோட இதயத்த எடுத்து இன்னொருத்தருக்கு வெச்சா அவிய பொழச்சுக்குவாங்கன்னு. குடுக்கறதுக்கு எனக்கு மனசிருக்குதுங். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியோணும். உங்க வண்டி எம் பையன அடிச்சுப் போட்டுதுங்ளா, இல்ல அவனா உளுந்து அடிபட்டானா?"

கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வண்டி அடிச்சதுன்னா நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டனுங். கொன்னும் போட்டு, அவன் இதயத்த நான் எடுத்தும் குடுக்கறதா? கோர்ட்டு கச்சேரின்னு எங்க வேணாப் போவேன், ஆனா அவன யாரும் தொடக்கூடாது. அவனா உளுந்தான்னா அது அவன் தலையெழுத்து. போறவன் நாலு பேருக்கு ஒதவிட்டுப் போகட்டும். நீங்க படிச்சவிய, பாத்திருப்பீங்க. நெசத்தச் சொல்லுங் சாமி."

அவன் மைதிலியை நினைத்தான். பொரி அள்ளிய கைகளையும் நினைத்தான். இரண்டையும் சேர்த்து நினைக்க முடியவில்லை. ஏதாவது ஒன்றைத்தான் நினைக்க முடிந்தது.

"வழுக்கி விழுந்ததுலயே தலையில பலமா அடிங்கம்மா," என்றான். "வண்டி அவன் மேல படவே இல்ல. பாத்ததும் நின்னுருச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதே வண்டிதான்."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

கலாமணி ஆலோசகப் பெண்ணிடமிருந்து பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு கிருபாகரனின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் வெந்து தோல் தடித்த கை.

"நெசத்தச் சொன்னீங்களே, அது போதும் சாமி. ஏனுங், ஊர்ல இத்தன பேர் இருக்கறாங்க, ஒடச்ச பூசணியக் கூட்டித் தள்ள ஒருத்தருக்குக் கையில்லீங்ளா?"

அவன் தலையாட்டினான். கையை விடுவித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனான். அதன்பின் முகம் கழுவிக்கொண்டு மைதிலியைப் பார்க்கப் போனான்.

மைதிலி பிழைத்தாள். மெதுவாக என்றாலும் நன்றாகவே பிழைத்தாள். பொங்கலுக்குள் மாடிப்படி ஏறினாள், சித்திரையில் துணி துவைத்துக் காயப்போட்டாள். ஏறுகிற சந்தோஷத்துக்காகவே காரணமில்லாமல் படியேறி இறங்கினாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அந்தச் சந்தோஷம் இருந்ததால்தான் மற்றதும் வலித்தது.

நிறுவனத்தின் அறிக்கையில் 'சைக்கிளில் வந்தவர் வழுக்கி விழுந்து உயிரிழப்பு. வாகனத்தின் மேல் தவறில்லை' என்று வந்தது. கிருபாகரனின் வாக்குமூலம் அதற்கு ஆதாரம், கேமரா பதிவை யாரும் கேட்கவில்லை. பூசணி விதியைத் திருத்த வேண்டும் என்று அவன் கேட்டபோது சட்டப் பிரிவில் சிரித்தார்கள்.

"இப்ப அதுல கை வெச்சா, தப்பு நம்ம மேலதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். நீங்கதானே அம்மாகிட்டயே சொல்லியிருக்கீங்க, வண்டி நின்னுச்சுன்னு? அப்புறம் விதியில என்ன கோளாறு?"

குறைந்தபட்சம் பண்டிகையன்று வேகத்தையாவது குறைக்கலாம் என்று மறுபடி போய் நின்றான். பதவி உயர்வு கொடுத்தார்கள். புதிய நாற்காலி பெரியது. ஆனால் அங்கிருந்து எந்த வண்டிக்கும் எந்தக் கட்டளையும் போட முடியாது. கைரேகை அதிகாரம் வேறு யாருக்கோ போய்விட்டது. நஸ்ரின் வேலையை விட்டுப் போனாள். போகிற அன்று அவன் அறை வாசலில் நின்று, "மைதிலி அக்கா நல்லாருக்காங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவன் நல்லாருக்கா என்றான். அவள் போய்விட்டாள்.

இதயம் யாருடையது என்பதை ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊரிலேயே ஒரே ஒரு சாவு. மைதிலிக்குக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியா தேவை?

"அந்த ஆவாரம்பாளையத்துப் பையன்தானுங்களே?" என்று ஒரு மாலை கேட்டாள். "அவங்கம்மாவ நீங்க பாத்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. என்ன சொன்னாங்க?"

சொல்லிவிடலாம் என்று அவனுக்கு வாய்வரை வந்தது. அவள் கை தன் மார்பின் மேல் இருந்தது. பழக்கமாகிவிட்டது, பேசும்போதெல்லாம் அங்கே கையை வைத்துக்கொள்வாள்.

"பூசணியில வழுக்கி விழுந்துட்டான். ஒடச்ச பூசணியக் கூட்டித் தள்ள ஊர்ல ஒருத்தருக்குக் கையில்லையான்னு கேட்டாங்க," என்றான்.

மைதிலி மார்பிலிருந்து கையை எடுக்காமல் பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள்.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கியதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. எங்காவது வெளியூர் போய்விடலாம் என்றான். ஊட்டி, ஏற்காடு, எங்கு வேண்டுமானாலும். வீட்டில் பூஜை போடாமல் எங்கே போவது என்று மைதிலி மறுத்துவிட்டாள். அன்று பொழுது சாயும்போது கீழே போகாதே என்று இரண்டு முறை சொன்னான். ஏன் என்று கேட்டதற்குக் கூட்டம் என்றான்.

"ஒரு வருசமா வீட்டுக்குள்ளயே அடச்சு வெச்சீங்க, இன்னும் தீரலீங்களா?" என்று சிரித்துவிட்டுப் பூஜைக்குப் பொரி கலக்கப் போனாள். அரக்குச் சிவப்பில் புதுப் புடவை கட்டியிருந்தாள்.

அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு. பேசி முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது அவள் இல்லை. அடுப்படியிலும் இல்லை. மூலையில் இருக்கும் துடைப்பமும் முறமும் இல்லை.

பால்கனிக்கு ஓடினான். எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர்கள் உடைத்த பூசணி தெருவின் நடுவே செக்கச் சிவந்து சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவில் மைதிலி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை குங்குமம்.

"மைதிலி! மேல வா! எந்திரி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங் இந்தக் கத்து கத்தறீங்க? அந்தம்மா கேட்டாங்கன்னு சொன்னீங்கல்ல? நம்ம தெருவையாச்சும் கூட்டிர்றேன். இன்னொரு தாய் பெத்த புள்ள இதுல உளுகக் கூடாது."

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. மாலை போட்ட வண்டி. நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"வண்டி வருது! எந்திரிச்சு ஓரமா வா!"

மைதிலி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்துச் சிரித்தாள். "வரட்டுங். உங்க வண்டிதானே, ஆளக் கண்டா நின்னுரும்!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த துண்டை வாரினாள்.

பாதி தடவைதான் நிற்கும். அது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். அவன் படியில் விழுந்தடித்து இறங்கினான், அவள் ஏறி இறங்கிப் பழகிய அதே படி. கீழே துடைப்பம் தார்ச்சாலையைத் தேய்க்கும் சத்தம் விடாமல் கேட்டது. முதல் மாடித் திருப்பத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் நின்றது.

வண்டி நிற்கும் சத்தம் கேட்கவில்லை.